சென்னை டு மதுரை... ஃபிளைட்ல போனா நிஜமாவே எவ்வளவு நேரம் மிச்சம்?

சனிக்கிழமை காலையில் மதுரையில் நண்பனுக்குக் கல்யாணம். டிக்கெட் ஆப்பைத் திறந்தால், 'ஒன்றேகால் மணி நேரம்' என்று கண்ணடிக்கிறது ஃபிளைட். ரயிலில் போனால் ஆறு மணி நேரம். 'நாலேமுக்கால் மணி நேரம் மிச்சம் பாஸ்' என்று உடனே புக் பண்ணிடுவோம். ஒரு நிமிஷம்... அந்தக் கணக்கைக் கொஞ்சம் சரிபார்ப்போமா?

தூரம் எவ்வளவு?

சாலையில் சென்னை - மதுரை சுமார் 460 கி.மீ. விமானத்துக்கு வளைவு நெளிவு இல்லை என்பதால் தூரம் குறையும். மதுரை விமான நிலையம் அட்சரேகை 9.83, தீர்க்கரேகை 78.09. சென்னை 12.99, 80.17. ஒரு டிகிரி அட்சரேகை என்பது சுமார் 111 கி.மீ. நம்ம ஊர்ப் பக்கம் ஒரு டிகிரி தீர்க்கரேகை 109 கி.மீ.

அட்சரேகை வித்தியாசம் 3.16. அதை 111-ஆல் பெருக்கினால் 351. தீர்க்கரேகை வித்தியாசம் 2.08. அதை 109-ஆல் பெருக்கினால் 227. இனி பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான். இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால்... 418 கி.மீ!

கணக்கு அலர்ஜியா? கூகுள் மேப்ஸில் ஒரு விமான நிலையத்தை அழுத்திப் பிடித்து, தூரம் அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து, இன்னொன்றுவரை கோட்டை இழுங்கள். விடை கிட்டத்தட்ட இதேதான் வரும்.

நேரம் எவ்வளவு?

ஏர்பஸ் 320 உச்சியில் பறக்கும்போது வேகம் மணிக்குச் சுமார் 830 கி.மீ. அந்தக் கணக்கில் 30 நிமிஷத்தில் மதுரை வந்துவிட வேண்டும். இறக்கையில் விசிறி சுழலும் ஏ.டி.ஆர் 72 என்றால் வேகம் சுமார் 500 கி.மீ, 50 நிமிஷம். ஆனால் ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்க அனுமதிக்குக் காத்திருப்பது எல்லாம் இருக்கிறதே! அதற்கு ஓர் அரை மணி நேரம் சேருங்கள். தாமதத்துக்கு என்று விமான நிறுவனங்களும் சில நிமிஷங்களைக் கூட்டியே அட்டவணை போடுவார்கள். ஆப் சொல்லும் ஒன்றேகால் மணி நேரம் இப்படித்தான் வருகிறது.

நிஜக் கணக்கு இதுதான்!

வீட்டிலிருந்து மீனம்பாக்கம் 1 மணி நேரம். செக்-இன், பாதுகாப்புச் சோதனைக்காக 2 மணி நேரம் முன்னதாகவே போகணும். பயணம் ஒன்றேகால் மணி. இறங்கி, பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி. மதுரை ஊருக்குள் போக இன்னொரு அரை மணி. மொத்தம் ஐந்தேகால் மணி நேரம்!

ரயிலுக்கு? வீட்டிலிருந்து எழும்பூர் முக்கால் மணி, காத்திருப்பு கால் மணி, வந்தே பாரத்தில் ஆறு மணிக்குள் மதுரை. ஜங்ஷனே ஊர் நடுவில் இருப்பதால், மண்டபத்துக்குக் கால் மணி. மொத்தம் ஏழேகால் மணி நேரம்.

ஆக, மிச்சமாவது நாலேமுக்கால் அல்ல. வெறும் இரண்டு மணி நேரம்தான். செக்-இன் பெட்டி இல்லாமல் போனால் இன்னும் கொஞ்சம் மிச்சமாகும். விமானம் தாமதமானால் அதுவும் காலி!

அதனால் அடுத்த முறை இரண்டு டிக்கெட்டுகளின் விலை வித்தியாசத்தை இரண்டால் வகுத்துப் பாருங்கள். அதுதான் ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை. அந்த விலை ஓகேவா? அப்போ பறங்க. இல்லையா? ஜன்னல் சீட்டும், காபியும், கூடவே கல்யாண மொய்க்கான காசும் உங்களுக்கு மிச்சம்!