பத்துக் கோர்கள் போட்ட கணக்கு

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது டிரம் கோர் போட்டிகளின் வரலாறு. நம் சங்கத்துப் பிள்ளைகள் சிலர் கோடை பிறந்ததும் ஸ்னேர் டிரம்மையோ மெல்லோஃபோனையோ தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். அவர்கள் எங்கே போகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று தாத்தா பாட்டிகளுக்கும் விளங்கும்படி எழுதச் சொன்னார்கள். பல கோடைகள் ஒரு கோரின் சமையல் வண்டியில் வெங்காயம் உரித்தவன் என்பதே எனக்குள்ள தகுதி. நடுநிலையான வரலாற்றை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

பள்ளிக்கூட மார்ச்சிங் பேண்டு வேறு, டிரம் கோர் வேறு. இங்கே கிளாரினெட் கிடையாது, புல்லாங்குழல் கிடையாது, சாக்ஸஃபோனும் கிடையாது. பித்தளைக் குழல்கள், முரசுகள், கொடியும் மரத் துப்பாக்கியும் சுழற்றும் கலர் கார்டு, அவ்வளவுதான். வயது வரம்பு 21. பத்துப் பன்னிரண்டு நிமிட நிகழ்ச்சி ஒன்றை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஊர் ஊராகப் போய் ஆடி வாசித்து, நாளுக்கு நாள் மெருகேற்றுவார்கள். வீதிப் புறப்பாட்டில் நம் தவில்காரரும் நாதஸ்வரக்காரரும் நின்று நின்று வாசித்து நகர்வார்கள். இவர்கள் ஓடிக்கொண்டே வாசிப்பார்கள், பின்னோக்கியும்.

இதற்குத் தொடக்கம், முதல் உலகப் போர். போரிலிருந்து திரும்பிய வீரர்கள் அமெரிக்கன் லீஜன், வி.எஃப்.டபிள்யூ. ஆகிய சங்கங்களில் சேர்ந்தார்கள். ராணுவத்தில் மிஞ்சிய பியூகிள்களும் முரசுகளும் அவர்கள் கைக்கு வந்தன. முதலில் தாங்களே வாசித்தார்கள், பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கத்தோலிக்க ஆலயங்களும் பாய் ஸ்கவுட் அணிகளும் ஆளுக்கொரு கோர் வைத்துக்கொண்டன. நியூஜெர்சியின் கார்ஃபீல்டில் ஹோலி நேம் ஆலயத்துப் பையன்கள் 1934-இல் தொடங்கியதுதான் பிற்காலத்தில் 'தி கேடட்ஸ்' என்று பேர்பெற்ற கோர். சிகாகோவில் டான் வாரன் 1948-இல் ஒரு ஸ்கவுட் அணியிலிருந்து உருவாக்கியது கேவலியர்ஸ். வையோமிங்கின் காஸ்பரில் ஜிம் ஜோன்ஸ் 1957-இல் குதிரைப்படைச் சீருடையோடு தொடங்கியது ட்ரூப்பர்ஸ். இந்த இரண்டு மனிதர்களையும் நினைவில் வையுங்கள்.

வால்வு இல்லாத பியூகிளில் என்ன வாசிக்க முடியும் என்று சங்கீதம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். ஸ, க, ப. இந்த மூன்றையே மேல் ஸ்தாயி கீழ் ஸ்தாயி என்று மாற்றி ஊதலாம். ராணுவ முகாமில் ஆளை எழுப்ப அது போதும். பாட்டு வாசிக்கப் போதாது. அதனால் முதலில் ஒரு வால்வைப் படுக்கைவாட்டில் பொருத்தினார்கள், பிறகு இன்னொன்று. 1990-இல் மூன்று வால்வுக்கு அனுமதி கிடைத்தது. 2000-இல் 'ஜி' சுருதிக் கட்டாயமே போய்விட்டது. பள்ளி பேண்டுகள் வைத்திருக்கும் பி-ஃப்ளாட் குழல்களை வாங்கலாம், சில ஆண்டு வாசித்துவிட்டு அந்தப் பள்ளிகளுக்கே விற்கலாம் என்பது அதற்குப் பின்னால் இருந்த கணக்கு. 2004-இல் முன்வரிசை மரிம்பாக்களுக்கு மைக் வந்தது, 2009-இல் சிந்தசைசர்.

என் வயதுக்காரர்கள் கூடினால் இந்த நான்கு ஆண்டுகளைச் சொல்லி மாய்ந்துபோவார்கள். ஜி பியூகிளோடு டிரம் கோர் செத்துவிட்டது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்பீக்கரிலிருந்து வயிற்றைக் கலக்கும் அந்த சிந்தசைசர் உறுமல் எனக்கும் பிடிக்காது. எண்பது பேர் மூச்சுப் பிடித்து ஊதும்போது அது எதற்கு? ஆனால் கோர்கள் அழிந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அழிவு அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. தொடங்கியவர்கள் கெட்டவர்களும் அல்லர்.

எழுபதுகளின் தொடக்கம் வரை போட்டி விதிகள், நடுவர்கள், பரிசுத் தொகை எல்லாம் படைவீரர் சங்கங்களின் கையில் இருந்தன. தேசியக் கொடிக்கு மரியாதை செய்யும் பகுதி கட்டாயம். நடை, உடை எல்லாவற்றிலும் ராணுவ மிடுக்கு வேண்டும். பிள்ளைகளை நாட்டின் குறுக்கே பஸ்ஸில் கூட்டிவந்தால் கையில் கிடைக்கும் பணம் டீசலுக்குக்கூடக் காணாது. 1971-இல் வாரனும் ஜோன்ஸும் முன்னின்று கேவலியர்ஸ், ட்ரூப்பர்ஸ், மேடிசன் ஸ்கவுட்ஸ், புளூ ஸ்டார்ஸ், சான்டா கிளாரா வேன்கார்டு என்ற ஐந்து கோர்களைக் கூட்டணி சேர்த்தார்கள். எங்களை அழைத்தால் நியாயமான தொகை கொடுத்து ஐவரையும் சேர்த்து அழையுங்கள் என்றார்கள். அதைப் பார்த்துக் கிழக்கிலும் ஐந்து கோர்கள் கைகோத்தன: கார்ஃபீல்டு கேடட்ஸ், பாஸ்டன் குருசேடர்ஸ், 27-வது லான்சர்ஸ், புளூ ராக், நூவர்க்கின் பிளெஸ்டு சாக்ரமென்ட். இந்தப் பத்துப் பேரிலிருந்து பிறந்ததுதான் டிரம் கோர் இன்டர்நேஷனல், சுருக்கமாக டி.சி.ஐ. முதல் சாம்பியன் போட்டி 1972 ஆகஸ்டில் நம் விஸ்கான்சினிலேயே, வைட்வாட்டரில் நடந்தது. வென்றது கலிஃபோர்னியாவின் அனஹைம் கிங்ஸ்மென்.

நான் மேடிசனுக்குப் படிக்க வந்தது எழுபதுகளின் பின்பாதியில். அப்போது நடுவர்கள் அட்டையும் பென்சிலுமாக மைதானத்துக்குள்ளேயே நடமாடுவார்கள். ஸ்னேர் வாசிப்பவனின் குச்சிக்குப் பக்கத்தில் குனிந்து காதைக் கொடுப்பார்கள். ஒரு குச்சி பிந்தினால் ஒரு கோடு. ஒரு கோட்டுக்குப் பத்தில் ஒரு புள்ளி போச்சு. முழு மதிப்பெண்ணோடு தொடங்கி, பிழைக்குப் பிழை கழித்துக்கொண்டே வருவார்கள். இதற்கு 'டிக்' முறை என்று பெயர். என் வயதுக்காரர்கள் இதற்காகவும் உருகுவார்கள். கோடு போட்டால் கோடு, அதில் பாரபட்சம் ஏது என்பார்கள். உண்மைதான். ஆனால் கஷ்டமானதை முயன்று தடுமாறியவனைவிட, சுலபமானதைச் சுத்தமாக வாசித்தவன் மேலே வந்துவிடுவான். 1984-இல் அதைக் கைவிட்டு, செய்ததற்கு மதிப்பெண் கூட்டும் முறையைக் கொண்டுவந்தார்கள். நான் முழுமனதோடு ஆதரித்த மாற்றம் அது. மைதானத்தில் சதுரமும் நேர்கோடுமாக நின்றிருந்த கோர்களை வளைவாகவும் அலையாகவும் நகர்த்திய ஜார்ஜ் சிங்காலி போன்றவர்களுக்கு அதன் பிறகு கைக்கட்டு இல்லை. அவர் வடிவமைத்த கார்ஃபீல்டு கேடட்ஸ் 1983, 84, 85 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. டி.சி.ஐ.யில் அதற்குமுன் யாரும் செய்யாத காரியம்.

சமையல் வண்டிக்கு வருகிறேன். போட்டி முடிந்து நள்ளிரவில் பஸ் கிளம்பும். விடியற்காலையில் அடுத்த ஊரின் ஏதோ ஒரு பள்ளி. ஜிம் தரையில் பிள்ளைகள் விரித்துப் படுப்பார்கள். அவர்கள் தூங்கும்போது எங்களுக்கு அடுப்பு எரியும். ஒரு நாளைக்கு நான்கு வேளைச் சாப்பாடு, நான்காவது வேளை போட்டிக்குப் பிறகு. வெயிலில் காலையிலிருந்து மாலைவரை ஒத்திகை பார்த்துவிட்டு வரிசையில் வந்து நிற்பவர்களின் பசியைப் பார்த்தால் கை தானாக இன்னொரு கரண்டி அள்ளும். ஒருமுறை புளியோதரை செய்தேன், பாதி மிஞ்சியது. சாம்பாரைப் 'பருப்பு சூப்' என்று அறிவித்தபோது அண்டா காலி.

இந்த வாழ்க்கைக்கு ஆகும் செலவை அடுப்படியிலிருந்து பார்த்தவனுக்குத்தான் டி.சி.ஐ.யின் கணக்கு புரியும். முன்பு ஓர் ஆலயத்துக் கோர், வாரக்கடைசியில் பக்கத்து ஊர்களுக்குப் போய் வாசித்துவிட்டு ராத்திரியே வீடு திரும்பும். பிள்ளைகள் பெரும்பாலும் அந்தப் பங்குக்காரர்கள், அந்தத் தெருக்காரர்கள். கட்டணம் சொற்பம். தேசியச் சுற்றுப்பயணம் பெருமையாகிவிட்ட பிறகு, இறுதிச் சுற்றின் பன்னிரண்டு இடங்களில் ஒன்றைப் பிடிக்காத கோருக்கு மதிப்பில்லாமல் போயிற்று. பஸ், டிரக், இன்ஷூரன்ஸ், சம்பளத்துக்கு ஆசிரியர்கள். எழுபதுகளில் பெட்ரோல் விலை இரண்டு முறை ஏறியது. பங்குச் சாமியார்களும் படைவீரர் சங்கங்களும் மெல்ல ஒதுங்கிக்கொண்டார்கள். அன்று நாடு முழுவதும் நூற்றுக்கணக்கில் இருந்த இளையோர் கோர்களில், இன்று மேல்நிலைப் பிரிவில் சுற்றுப்பயணம் போகிறவை இருபதை ஒட்டி.

அந்தப் பத்துக் கோர்களுக்கே என்ன நடந்தது என்று பாருங்கள். முதலில் கூட்டணி சேர்ந்த ஐந்தும் இன்றும் இருக்கின்றன. சான்டா கிளாரா 2023-இல் பணமுடையால் ஓர் ஆண்டு உட்கார்ந்துவிட்டு மறுபடி எழுந்தது. கிழக்கின் ஐந்தில் பாஸ்டன் மட்டும்தான் மிச்சம். 27-வது லான்சர்ஸ் 1980 குளிர்கால ஒலிம்பிக்கில் வாசித்த கோர், 1986-ஓடு முடிந்தது. தொண்ணூறு ஆண்டு கண்ட கேடட்ஸ், பழைய பாலியல் அத்துமீறல் புகாரைத் தொடர்ந்த வழக்கால் 2024-இல் கதவை மூடியது. அந்த மூடலில் பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றி இந்த உலகம் மிகத் தாமதமாகக் கற்ற பாடம் இருக்கிறது. அதைப் பயணச் செலவுக் கணக்கில் எழுதக்கூடாது. மற்றவை சாய்ந்ததற்கு நான் நினைக்கும் காரணம் இது: காஸ்பரிலிருந்து எந்தப் போட்டிக்குப் போனாலும் நாள்கணக்கில் பயணம். ட்ரூப்பர்ஸுக்குப் பஸ் வாழ்க்கை பிறவியிலேயே பழகியது. சான்டா கிளாராவுக்கு பிங்கோ அரங்கு பணம் ஈட்டித் தந்தது. நெருக்கமான கிழக்கு நகரங்களில், தெருவுக்குத் தெரு போட்டி இருந்த இடத்தில் வளர்ந்த கோர்களுக்கு இரண்டும் இல்லை. பத்துப் பேரும் சேர்ந்து போட்ட கணக்கு ஐந்து பேருக்கு ஏற்ற கணக்காக இருந்தது.

பணம் இருந்தாலும் எல்லாம் சரியாகிவிடாது. மருத்துவக் கருவித் தொழிலதிபர் பில் குக்கின் ஆதரவோடு 1984-இல் பிறந்த ஸ்டார் ஆஃப் இண்டியானா 1991-இல் பட்டம் வென்றது. 1993-இல் பார்பர், பார்டோக் இசையோடு அவர்கள் கொண்டுவந்த நிகழ்ச்சி கேடட்ஸிடம் பத்தில் ஒரு புள்ளியில் தோற்றது. என்னைக் கேட்டால் அந்தக் கோடையின் சிறந்த நிகழ்ச்சி தோற்றதுதான். அதோடு போட்டிக்கே முழுக்குப் போட்டுவிட்டு மேடைக்குப் போனார்கள். அங்கே 'பிளாஸ்ட்!' ஆகி, 2001-இல் டோனி விருதும் வாங்கினார்கள். புள்ளி வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். 2008-இல் ஃபேன்டம் ரெஜிமென்ட் புளூ டெவில்ஸை வென்றது ஆயிரத்தில் 25 புள்ளியில், அதாவது 0.025-இல். அதை எந்தக் காது பிரித்துக் கேட்கும்?

இப்போது ஒரு பிள்ளையைக் கோடைக்கு அனுப்பப் பெற்றோர் பல ஆயிரம் டாலர் கட்டுகிறார்கள். நம் சங்கத்தில் அது முடிகிறவர்கள் இருக்கிறார்கள். லான்சர்ஸின் ஊரான ரிவியரின் தெருப் பிள்ளைகளால் முடிந்திருக்காது. எழுபதுகளில் ஒரு கோரின் உச்சவரம்பு 128 பேர். படிப்படியாக உயர்த்தி இன்று 165 ஆக்கியிருக்கிறார்கள். கூட்டம் பெரிதானால் ஒலி பெரிது, படம் பெரிது, கட்டணம் செலுத்துகிறவர்களும் அதிகம். பழையபடி 128-க்குக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கும்போதெல்லாம் வடிவமைப்பாளர்கள் சிரிக்கிறார்கள். இறுதிச் சுற்றின் பன்னிரண்டு கோர்களில் கோருக்கு 37 பேர் குறைந்தால் 444 பிள்ளைகள். அது மூன்று புதிய கோர்கள், நான்காவதில் பாதி. அந்தப் பிள்ளைகளுக்கு டிரம்மும் குழலும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன, பயிற்சியும் ஆகிவிட்டது. பக்கத்து ஊர்களுக்குப் போய் வாசித்துவிட்டு ராத்திரி வீடு திரும்பும் கோர் ஒன்றை யாராவது தொடங்கினால், அடுப்புக்கு ஆள் நான் இருக்கிறேன்.