உதட்டோரமும் நாக்கும்

ஆட்டையாம்பட்டி கை முறுக்கு ஒரே கடியில் இரண்டு நோய்களையும் பிரித்துக் காட்டிவிடும். கடிக்க வாயைத் திறந்ததுமே ஓரம் சுரீரென்று வலித்தால் உதட்டோர அழற்சி. வாய் தடையின்றித் திறந்து, மெல்லும்போது உப்பும் காரமும் பட்டு எரிந்தால் நாக்கு அழற்சி. முன்னதை எதிரில் நிற்பவரே பார்த்துவிடுவார். பின்னதை நாக்கை நீட்டினாலொழிய யாரும் அறியார். அங்கே தோல் வெடிக்கிறது. இங்கே மேற்பரப்பின் மொட்டுகள் தேய்ந்து, நாக்கு சிவந்து வழவழப்பாகிறது.

இரண்டுக்கும் பொதுவான காரணம் உண்டு. வாயின் செல்கள் விரைவாகப் புதுப்பிக்கப்படுபவை. இரும்புச்சத்தோ பி வைட்டமின்களோ குறைந்தால் அங்கே சீக்கிரம் தெரிந்துவிடும். ஆனால் கால அளவு வேறு. பி2 தறிக்காரரின் வாரக்கூலி மாதிரி. கையிருப்பு மிகக் குறைவு, வரத்து நின்றால் சில மாதங்களிலேயே உதட்டோரம் வெடிக்கும். பி12 கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் சேமிப்பாகக் கிடக்கும். வரத்து நின்று பல ஆண்டுகள் கழித்தே நாக்கு சொல்லும்.

வியப்பு என்னவென்றால், மருத்துவ வரலாறும் இதே வேகத்தில்தான் நடந்திருக்கிறது. பி2 செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது 1935இல். மறு ஆண்டே குன்னூரில் ஆய்வாளர்கள் அய்க்ராய்டும் கிருஷ்ணனும் வாய்ப்புண்ணை பி2 குறைவோடு இணைத்து எழுதினார்கள். நாக்கு அழற்சியை ஜெர்மானிய மருத்துவர் மோல்லர் 1851லேயே விவரித்துவிட்டார். பி12 பிரித்தெடுக்கப்பட்டதோ 1948இல்.

இடத்தால் வரும் வேற்றுமையும் உண்டு. உதட்டோரம் ஒரு மடிப்பு. எச்சில் தேங்கினால் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறும். பல் போன முதியவர்களுக்குச் சத்துக் குறைவே இல்லாமலும் வாயோரம் வெந்துபோவது இதனால்தான். நாக்கில் தோன்றி இடம் மாறும் வரைபடத் திட்டுகளோ பெரும்பாலும் தீங்கற்றவை. உதட்டுக்கும் நாக்குக்குமான உறவு விசித்திரமாவதும் இந்த மடிப்பில்தான்: வறண்ட உதட்டை நனைத்து ஆற்றவரும் நாக்கே, அந்த ஈரத்தால் புண்ணை வளர்க்கிறது.

உணவிலும் இரண்டும் சந்திக்கின்றன. அரிசிமாவு முறுக்கில் பி2 சொற்பம், பி12 இல்லவே இல்லை. பக்கத்து நாமக்கல்லின் முட்டையில் இரண்டும் உண்டு. முட்டை தொடாதவர்களுக்குப் பாலும் தயிரும். ஆனால் பி12ஐக் குடல் உறிஞ்ச மறுத்தால் முட்டை போதாது, ஊசியோ அதிக அளவு மாத்திரையோதான் வழி. பூஞ்சைதான் காரணமென்றால் களிம்பு. இரும்புச்சத்துக் குறைவோ இரண்டு இடங்களையும் ஒருசேரத் தாக்கும். ஆகவே, உதட்டோரத்துக்குக் களிம்பு எழுதிக்கொடுத்துவிட்டு நாக்கை நீட்டச் சொல்லாத மருத்துவர் பாதி நோயைத்தான் பார்த்திருக்கிறார்.