'இந்து': பெயரும் பெயர்ப்பும்

'இந்து' என்பது தொடக்கத்தில் சமயப் பெயரன்று, நிலப் பெயராகும். 'சிந்து' என்னும் ஆற்றுப்பெயரின் சகரம் பழம்பாரசீகத்தில் ஹகரமாகத் திரிந்தது. முதலாம் தாரியசின் கல்வெட்டுகளில் அது ஒரு நாட்டின் பெயராகவே வருகின்றது. வேதம், ஆகமம், புராணம் எனப் பல ஊற்றுகளிலிருந்து வளர்ந்த மரபுகளுக்கு அஃது ஒரு பொதுப்பெயராக நிலைபெற்றதில் கல்கத்தாவின் பங்கு பெரிது. 1784இல் வில்லியம் ஜோன்ஸ் அங்கு ஆசியக் கழகத்தை நிறுவினார். 1816ஆம் ஆண்டளவில் இராம்மோகன் ராய் தம் ஆங்கில எழுத்துகளில் 'இந்துயிசம்' என்னும் சொல்லை ஆண்டார். உபநிடதம் கூறும் ஒரே பிரம்மமே மூலநெறி, உருவ வழிபாடு அன்று என்பது அவர் வாதம். பெயர் பரவத் தொடங்கிய காலத்திலேயே அதன் பொருள் பற்றிய பூசலும் எழுந்துவிட்டது எனலாம்.

மொழிபெயர்ப்பாளர்க்கு மெய்யான இடர் 'தர்மம்' என்னும் சொல்லில்தான். கடமை, ஒழுங்கு, நெறி ஆகியவற்றை உணர்த்தும் இச்சொல், வங்காளத்தில் சமயத்தையும் குறிக்கும். தமிழ்ப் பேச்சுவழக்கிலோ 'தருமம்' பெரும்பாலும் ஈகையாகச் சுருங்கிவிட்டது. இரப்போர் வாயிலும் அதுவே. 'மதம்' வடமொழியில் கருத்து, கொள்கை என்று பொருள்படும். எனவே 'இந்து மதம்' என்று பெயர்க்கையில் கொள்கை முன்னிற்க, ஒழுகலாறு பின்தங்குகின்றது. வினை, மறுபிறப்பு, வீடுபேறு ஆகியன பெரும்பாலான மரபுகளுக்குப் பொதுவெனினும், இறைவன் இயல்பு பற்றி அவை ஒன்றுபடுவதில்லை என்பதும் நோக்கத்தக்கது. 'அறம்' எனலாமே எனின், நாற்பொருளுள் முதலாவதான தர்மத்துக்கு அது பொருந்தும்; வங்காளியர் 'ஹிந்து தர்மோ' என்னுமிடத்துப் பொருந்தாது.