சாயங்கால வகுப்பு: திண்ணையிலிருந்து இல்லம் தேடி வந்த கதை

மேடவாக்கம் கூட்ரோடு பக்கம் மாலை ஐந்து மணிக்குப் போய் நின்று பாருங்கள். பள்ளி வேனில் இருந்து இறங்கும் ஒன்றாம் வகுப்புக் குழந்தை வீட்டில் பையை வைத்த கையோடு இன்னொரு பையைத் தூக்கும். அபாகஸ், கீபோர்டு, கராத்தே, இந்தி என்று வாரத்தின் எல்லா நாட்களும் ஏற்கெனவே பங்கு போடப்பட்டிருக்கும். அதே அடுக்குமாடியில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவின் பிள்ளைக்கும் மாலை ஐந்து மணி வரத்தான் செய்கிறது. அந்தப் பிள்ளை எங்கே போகும்? இந்தக் கேள்விக்கு நம் ஊரில் கொஞ்சம் நீளமான வரலாறு இருக்கிறது.

பழைய திண்ணைப் பள்ளிகளில் வாத்தியார் ஒருவர்தான். பிள்ளைகளோ பல வயதினர். ஆகவே மூத்த பையன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னவர்களுக்கு மணலில் எழுத்து எழுதக் கற்றுக் கொடுப்பான். (அவனிடம் வாங்கும் அடி தனிக் கணக்கு!) ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-ல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைகள் காப்பகத்தின் பொறுப்பை ஏற்றார். சென்னைக்கு அருகே ஒரு நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதைத் தன் காப்பகத்திலும் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்களோ ஒத்துழைக்கவில்லை. பெல் என்ன செய்தார் தெரியுமா? அரிச்சுவடி வகுப்பை ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் ஒப்படைத்துவிட்டார். பையன் வெற்றிகரமாக நடத்திக் காட்டினான். 1797-ல் பெல் இதை லண்டனில் நூலாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பிரிட்டன் முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் மெட்ராஸ் காலேஜ் என்ற பள்ளி இன்றும் உண்டு. நம் திண்ணை மணல் கடல் தாண்டிப் போயிருக்கிறது, ஆனால் பெயர் என்னவோ பெல்லுக்குத்தான்!

சம்பளம் வாங்கும் ஆசிரியர் அல்லாத ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவது என்ற இந்த யோசனை மறுபடி பெரிய அளவில் வந்தது அறிவொளி இயக்கத்தில். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது பெரியவர்களுக்கானது. ஆனால் தெருவில் பாட்டும் நாடகமும் போட்டு ஆள் திரட்டி, உள்ளூர்த் தொண்டர்களை வைத்துக் கற்பிக்கலாம் என்ற அனுபவத்தைத் தமிழகம் அங்கேதான் பெற்றது.

முப்பது வருடம் கழித்து அது கைகொடுத்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஏறக்குறைய 19 மாதங்கள்! முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை பள்ளிக்கூடத்தையே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டது. ஆன்லைன் வகுப்பு என்பதெல்லாம் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தவர்களின் கதை.

பள்ளி திறப்பதற்கு ஐந்து நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஒதுக்கீடு 200 கோடி ரூபாய். மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிக்குள் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் வகுப்பு. ஒரு தன்னார்வலருக்குச் சுமார் 20 பிள்ளைகள். தொடக்க வகுப்புகளுக்குச் சொல்லித்தர பிளஸ் டூ முடித்திருந்தால் போதும். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. இதை நம்பி வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், அதாவது அந்தத் தெரு அக்காக்கள்.

வீட்டு வாசல், கோயில் மண்டபம், மரத்தடி என எங்கே இடம் கிடைத்ததோ அங்கே வகுப்பு நடந்தது. பாட்டு, கதை, விளையாட்டு, பொம்மலாட்டம், சின்னச் சின்ன அறிவியல் சோதனைகள் எல்லாம் உண்டு. 2022 ஜூனில் கூகுளின் ரீட் அலாங் செயலியை வைத்துப் பன்னிரண்டு நாட்கள் வாசிப்பு மாரத்தான் கூட நடத்தினார்கள். ஹோம்வொர்க் முடிக்கும் டியூஷன் போல இது இருக்கக் கூடாது என்பதில் திட்டம் போட்டவர்கள் தெளிவாக இருந்தார்கள். ஒன்றரை வருடமாக உட்கார்ந்தே பழகாத ஏழு வயதுக் குழந்தையிடம் முதல் நாளே வாய்ப்பாடு கேட்டால், மறுநாள் அது வராது. அவ்வளவுதான் விஷயம்.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. தேசியக் கல்விக் கொள்கை 2020-ம் தன்னார்வலர்களைப் பற்றிப் பேசுகிறது, இது அதன் பின்வாசல் நுழைவா என்று ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே கேட்டன. ஆசிரியர் செய்ய வேண்டிய வேலையை ஆயிரம் ரூபாய்க்கு வாங்குவது நியாயமா என்பது இன்னொரு கேள்வி. அது இன்று வரை நியாயமான கேள்வியாகவே இருக்கிறது.

சரி, பலன் கிடைத்ததா? அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளாதார அறிஞர்கள் கிராமப்புறத் தமிழகத்தில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். 2019-ல் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது, 2021 டிசம்பரில் பெரும் பின்னடைவு தெரிந்தது. கணக்கில் ஏற்பட்ட இழப்பு மொழிப்பாடத்தைப் போல இரண்டு மடங்கு. (தமிழை வீட்டில் பேசியாவது வைத்திருக்கலாம், கழித்தலை யார் பேசுவது?) ஆனால் பள்ளி திறந்து ஆறே மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு மாலை வகுப்புகளால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள்தான் வேகமாக மீண்டார்கள் என்பதும் குறிப்பிடத்தக்கது.

ஆறு மாதத்துக்கு என்று தொடங்கிய திட்டம் அதைத் தாண்டியும் நீண்டது. பிறகு மையங்களின் எண்ணிக்கை படிப்படியாகக் குறைக்கப்பட்டது. கொரோனா இழப்பைச் சரிசெய்வதற்காகவே அது ஆரம்பித்தது, ஆகவே குறைத்ததில் கணக்குப்படி தவறில்லை. ஆனால் மேடவாக்கத்தில் அபாகஸ் வகுப்பு கொரோனாவுக்கு முன்பும் இருந்தது, பின்பும் இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் அம்மாவும் இன்னும் ஏழு மணிக்குத்தான் வீடு திரும்புகிறார்.