முழுப்பேரும் குளவிக்கூடும்: தலவாக்கலைத் தோட்டங்களில் வேலை நெருக்கடி

இலங்கையின் தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் குளவி கொட்டிய செய்தி வரும்போதெல்லாம் அது இயற்கையின் சீற்றமாகவே எழுதப்படுகிறது. கூடு கலைந்தது, ஆட்களைக் கொட்டியது, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கூடு இருந்த செடிக்குள் கொழுந்தெடுத்த பெண்ணின் கை பார்க்காமல் போனது ஏன் என்ற கேள்வி எழுவதில்லை. அதற்கான விடையை நிறுவைத் தராசருகே தேட வேண்டும் என்பதே என் வாதம்.

தோட்டத்தில் ஒரு நாள் உழைப்புக்கு அலகு 'பேர்'. ஒரு நாளில் எடுக்க வேண்டிய கிலோ என நிர்வாகம் வைத்த அளவை, அதாவது நோமை, எட்டினால் முழுப்பேர். எட்டாவிட்டால் அரைப்பேர், அல்லது எடுத்த கிலோவுக்கு மட்டும் காசு. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணயச் சபை வழியாக நாட்சம்பளம் 1,000 ரூபாயானது. அதன்பின் பல தோட்டங்களில் நோம் 20 கிலோ வரை ஏற்றப்பட்டதாகத் தொழிலாளர் முறையிட்டனர். அதே ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட, கொழுந்தும் குறைந்தது.

வேலையின் சுமை மிகுந்து, அதைச் செய்யும் விதத்தைத் தீர்மானிக்கும் உரிமை குறைந்த இடத்தில்தான் மன அழுத்தம் கூர்மையாகிறது என்று 1979இல் ஆய்வாளர் ராபர்ட் கராசெக் எழுதினார். எந்த மலை, எந்த நிரை, எத்தனை மணிக்கு நிறுவை என எதுவும் கொழுந்தெடுப்பவள் கையில் இல்லை. புல் மண்டிக் காடேறிய மலையில் கூட்டைக் கண்டு ஒதுங்கினால் நிரை போகும், கிலோ குறையும், அரைப்பேர் விழும். இந்தக் கணக்கு மனதில் ஓடும்போது கண் செடியின் அடியைப் பார்ப்பதில்லை, கை முந்துகிறது. அவசரத்தில் இரண்டு இலையும் அரும்புமாக எடுப்பதும் தவறி, முற்றல் கூடையில் சேர்கிறது. முற்றலுக்கு நிறுவையில் கிலோ கழிந்தால் மீதி நேரம் இன்னும் நெருக்கும். பாதுகாப்பும் வேலைத்தரமும் ஒரே காரணத்தால் கெடுகின்றன.

சட்டமும் இந்த இடத்தில் கைவிடுகிறது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தேயிலை ஆலை இயந்திரங்களுக்கு வேலி கேட்கிறது; கட்டட வேலைகளுக்கும் அதில் இடமுண்டு. தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை எழுந்தபோது அங்கு வேலை செய்தவர் அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் நின்றார். அணையிலிருந்து அண்ணாந்தால் தெரியும் மலையில் கொழுந்தெடுத்தவள் நிற்கவில்லை. அவளுக்கு உள்ளது 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம். அது காயம்பட்ட பிறகு வருவது.

உற்பத்திச் செலவு கூடிய தொழிலில் நோம் இல்லாமல் நடத்த முடியாது என்பார்கள் தோட்டக் கம்பெனியினர். அந்தக் கவலையை நான் ஒதுக்கவில்லை. ஆனால் காடேறிய மலைக்கும் துப்புரவான மலைக்கும் ஒரே நோம் வைப்பது உற்பத்தித்திறனை அளப்பதாகாது. தலவாக்கலையின் சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கப்பட்டது. செடியையும் மண்ணையும் இத்தனை காலம் ஆராய்ந்த ஊரில், நோமுக்கும் காயத்துக்கும் உள்ள தொடர்பை மலை வாரியாகப் பதிவது இயலாத வேலையன்று.

முதலில் செய்யக்கூடியது இது: காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில் மலை பிரித்ததும் கங்காணியும் தொழிலாளர் இருவரும் முன்னே போய்க் கூடுள்ள செடிகளுக்கு அடையாளம் கட்டட்டும். அந்த நேரம் பேரில் சேரட்டும். அடையாளம் கட்டிய நிரைகளின் எடை அன்றைய நோமிலிருந்து கழியட்டும்.