புனர்பூசத்து ஊதா

மாசி மாத இரவில் எட்டு ஒன்பது மணிக்குத் காஞ்சிபுரம் அருகே தாமல் ஏரிக்கரையில் நின்று அண்ணாந்தால், உச்சிக்குச் சற்று வடக்கே இரட்டையாகத் தெரிவது புனர்பூசம். ராமர் பிறந்த நட்சத்திரம். அந்த இரண்டில் மஞ்சள் கலந்து பளிச்சென்று இருப்பது போலக்ஸ். சூரியனைவிடக் குறுக்களவில் ஒன்பது மடங்கு பெரிய ராட்சத விண்மீன். அதன் ஒளியில் 393.4 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா ஒன்று உண்டு. கண்ணுக்கு எட்டியும் எட்டாத நிறம்.

அதன் பிறப்பு கால்சியத்தில். எலக்ட்ரான் ஒன்றை இழந்த கால்சியம், விண்மீனின் மேற்பரப்பில் இந்த நிறத்தை விழுங்கிவிடும். நிறமாலையில் அங்கே அகலமான இருட்டுப் பள்ளம் விழும். அதற்கு மேலுள்ள சூடான அடுக்கில் அதே கால்சியம் திரும்ப ஒளிர்வதால், பள்ளத்தின் நடுவே மெல்லிய வெளிச்ச வரப்பு எழும். இதுதான் கே கோடு. சூரியனில் காந்தப்புலம் திரண்ட இடங்கள் பெரும்பாலும் இந்த நிறத்தில் பளபளக்கும். கொடைக்கானல் ஆய்வகத்தில் சூரியனை இந்த நிறத்தில் நூறாண்டுக்கு மேலாகப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள்.

பிறகு அந்த ஒளிக்கு 34 ஆண்டு வெட்டவெளிப் பயணம். சொல்ல ஒன்றுமில்லை.

வந்து சேர்ந்த இடத்தில்தான் கதை. சென்னையில் பிறந்த வானியலாளர் வைணு பாப்பு, சக வானியலாளர் ஓலின் வில்சனோடு சேர்ந்து 1957இல் சொன்னது இது: விண்மீனின் உண்மையான பிரகாசம் கூடக்கூட அந்த வரப்பு அகலமாகிறது, வரப்பு மங்கலா பளிச்சா என்பது பொருட்டல்ல. அகலத்தை அளந்தால் பிரகாசம், அதிலிருந்து தூரம். 1972இல் பாப்பு காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியை நிறுவினார். சென்னையிலிருந்து அங்கே போகிற நெடுஞ்சாலை தாமல் வழியாகத்தான்.

காந்தத்தைச் சொல்வது அகலம் அல்ல, வரப்பின் வெளிச்சம். அதுவும் சாடைதான், காந்தம் இல்லாமல் அலைகளும் அந்த அடுக்கைச் சூடாக்கும். காந்தப்புலம் நிறமாலைக் கோடுகளைப் பிளக்கும், ஒளியை முறுக்கும். அதைப் பிடித்தால்தான் நேர்ச்சாட்சி. மெல்லிய காந்தமானால் ஒரு கோட்டில் அது தெரியாது. ஆயிரக்கணக்கான கோடுகளைக் கூட்டிச் சராசரி எடுத்து, 2009இல் மிஷேல் ஓரியேர் குழுவினர் போலக்ஸில் பிடித்தார்கள்: ஒரு காஸுக்கும் குறைவு. தாமலில் திசைகாட்டி ஊசியைத் திருப்பும் பூமியின் காந்தமும் ஏறத்தாழ அவ்வளவுதான். போலக்ஸில் அளந்தது, எதிரெதிர்த் துருவங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மிஞ்சிய கணக்கு.

போலக்ஸுக்கு ஒரு கிரகம் இருப்பதாக 2006இல் அறிவித்தார்கள். தெஸ்டியாஸ் என்று பெயரும் வைத்தாயிற்று. விண்மீன் 590 நாளுக்கொரு முறை ஆடுவதே ஆதாரம். காந்தப்புலமோ ஏறக்குறைய 660 நாளில் மாறுகிறது. அந்த ஆட்டத்தில் காந்தத்தின் பங்கும் இருக்குமோ என்று இப்போது கேட்கிறார்கள்.