மூன்று பீரங்கி, இரண்டு கப்பல்

1794 பிப்ரவரி. கார்ஸிகா தீவில், மோர்டெல்லா முனையில் ஓர் உருண்டைக் கோபுரம். 16-ம் நூற்றாண்டில் கடற்கொள்ளைக்காரர்களைக் கண்காணிக்க ஜெனோவாக்காரர்கள் கட்டியது. உள்ளே முப்பத்துச் சொச்சம் பிரெஞ்சு வீரர்கள். மூன்றே பீரங்கிகள். எதிரே பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் இரண்டு. அவற்றின் பீரங்கிகளைக் கூட்டினால் நூறைத் தாண்டும்.

யார் ஜெயித்திருப்பார்கள் என்கிறீர்கள்?

இரண்டரை மணி நேரம் சுட்டுப் பார்த்தார்கள். கோபுரம் அசையவில்லை. கனமான சுவர், அதுவும் வட்டச் சுவர். குண்டு வழுக்கிக்கொண்டு போய்விடும். கோபுரத்திலிருந்து வந்ததோ பழுக்கக் காய்ச்சிய குண்டு. 74 பீரங்கிகள் கொண்ட ‘ஃபார்டிட்யூட்’ கப்பலில் தீ. கிட்டத்தட்ட 60 பேர் செத்தும் காயப்பட்டும் விழ, கப்பல்கள் பின்வாங்கின. அப்புறம் கரையில் பீரங்கிகளை இறக்கி, இரண்டு நாள் அடித்துத்தான் பிடிக்க முடிந்தது.

பிடித்தவர்கள் ரொம்பவே அசந்துபோனார்கள். 1796-ல் தீவை விட்டுக் கிளம்பும்போது வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். ஆனால் மறக்கவில்லை. பெயர்தான் வாயில் நுழையவில்லை போலிருக்கிறது. மோர்டெல்லா, ‘மார்டெல்லோ’ ஆகிவிட்டது!

சில வருடங்களில், அதே கார்ஸிகாவில் பிறந்த நெப்போலியன், பூலோன் துறைமுகத்தில் பெரும்படையோடு இங்கிலாந்தைக் குறிவைத்தார். லண்டனில் உதறல். 1805 முதல் 1808 வரை தெற்குக் கரையில் 74 மார்டெல்லோ கோபுரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து லட்சம் செங்கல் வரை ஆனது. கடல் பக்கம் சுவர் 13 அடி கனம், நிலப்பக்கம் மெலிசு. வாசலே தரையில் கிடையாது, ஏணி போட்டு மாடிக்கு ஏறணும். மொட்டைமாடியில், நாலா பக்கமும் சுழலும் ஒரு பீரங்கி. காவலுக்கு ஏறக்குறைய 25 பேர்.

ஆனால் நெப்போலியன் வரவே இல்லை. 1805 ஆகஸ்டிலேயே படையை ஆஸ்திரியா பக்கம் திருப்பிவிட்டார். அக்டோபரில் டிரஃபால்கரில் அவருடைய கடற்படை நொறுங்கியது. அதற்குப் பிறகும், 1808-லிருந்து 1812 வரை, கிழக்குக் கரையில் இன்னும் 29 கோபுரங்கள்!

பி.காம். படித்தவனுக்கு இது உறுத்தத்தான் செய்யும். முதல் 74-ஐ இன்ஷூரன்ஸ் கணக்கில் எழுதிவிடலாம். பிரீமியம் கட்டிவிட்டு, ‘இந்த வருஷம் சாகவில்லையே’ என்று யாரும் வருத்தப்படுவதில்லை. அடுத்த 29? ஆன்ட்வெர்ப்பில் நெப்போலியன் புதுக் கப்பல்கள் கட்டிக்கொண்டிருந்தார், வாஸ்தவம். ஆனாலும் எனக்கென்னவோ, பயம் போன பிறகும் கான்டிராக்ட் போகவில்லை என்றுதான் தோன்றுகிறது.

இலங்கையில் அம்பாந்தோட்டையில்கூட இந்த வகைக் கோபுரம் ஒன்று நிற்கிறது. இங்கிலாந்தில் சிலவற்றைக் கடல் விழுங்கிவிட்டது, சிலவற்றில் குடும்பம் நடத்துகிறார்கள். அயர்லாந்தில் டப்ளின் பக்கம் ஸாண்டிகோவ் கோபுரத்தில் 1904 செப்டம்பரில் சில நாள் தங்கினார் ஓர் இளைஞர். பெயர் ஜேம்ஸ் ஜாய்ஸ். அவருடைய ‘யுலிஸஸ்’ நாவல் அந்த மொட்டைமாடியில்தான் ஆரம்பிக்கிறது. பீரங்கிக்காகக் கட்டிய மேடையில் ஒருவர் ஷேவிங் செய்துகொண்டிருக்கிறார்.